தரைக்கடியில் தண்ணீர் குடிப்பவர்

ஜூலை 3

தங்கைக்கு,

நலம், நலமறிய அவா என்று தொடங்கிப் பேனாவை வைத்துவிட்டேன். நலமில்லாத வீட்டிலிருந்து அப்படி எழுதுவது பொய்யாகும். வாசலில் வைத்து உன்னிடம் நான் பேசிய பேச்சுக்குப் பிறகு இங்கிருந்து உனக்கு வரும் முதற்கடிதம் இது. அப்பேச்சைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. உன் அண்ணியைப் பற்றியே எழுதவேண்டியிருக்கிறது.

முறிந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது. கைத்தாங்கலாக நாலெட்டு நடக்கிறாள். ஆனால் பழைய குளியலறைக்குப் படி இறங்கவேண்டும். அது அவளால் ஆகாது. எனவே அதன் சுவருக்கு இப்புறமுள்ள என் ஓதும் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். அதன் மூலையிலேயே, நாற்காலியில் அமர்ந்தபடி அவள் குளிக்க ஒரு ஷவர் வைத்தாயிற்று. வேலை செய்தவர், எதிலும் ஆமைநடை போடுவதால் தெருவே "அவசரம்" என்று அழைக்கும் நம் குழாய்க்காரர்தான். தரையைத் தோண்டி, ஷவர்த் தண்ணீர் போகும் குழாயைப் பழைய கழிவுக்குழாயோடு இணைத்தார். "பழைய ரூமுக்குக் காத்துக்குழாய் ஏற்கெனவே மாடி வரைக்கும் போகுதுங்கய்யா. அதுக்குப் பக்கத்துலயே கோத்துட்டேன். புதுசுக்கும் அதுவே போதும்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

அவர் போய்ச் சில நாள் கழித்து, ஒரு பிற்பகலில் உன் அண்ணி என் கையைப் பற்றிக்கொண்டாள். "தரைக்குக் கீழ யாரோ தண்ணி குடிக்கறாங்க" என்றாள்.

என் செவிகள் எப்படி என்பது உனக்குத் தெரியும். ஆயினும் மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தேன். கல்லின் குளிர்ச்சி தெரிந்தது; வேறொன்றும் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், அவளுக்கு என்னைப் பார்த்தே அச்சமோ என்று ஐயுற்றேன்.

இப்போது பகலிலும் தூங்கி விழுகிறாள். சில வேளை, மறைந்த தன் தாயை அழைக்கிறாள். அறுவைச் சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுத்த முதியவர்களுக்குப் புத்தி இப்படிப் பிறழ்வதுண்டு என்று மருத்துவர் சொல்லித் தூக்கமாத்திரை தந்திருக்கிறார். தெளியாவிட்டால் ஊருக்கு வெளியே உள்ள மனநோய் விடுதியில் சேர்க்கச் சொல்கிறார். அவ்விடத்தைப் போய்ப் பார்த்து வந்தேன். அங்கே கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை.

உன் நகரத்தில் நல்ல மனநல மருத்துவர் எவரேனும் உண்டா என்று விசாரித்து எழுது. வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணன்

ஜூலை 7

அண்ணா,

வாசலில் பேசியதைப் பற்றி நீங்கள் எழுதமாட்டீர்கள் என்றால் நானும் எழுதமாட்டேன். "இனிமே இந்தப் படி ஏறாதே" என்றீர்கள். அதை ஒருமுறை மட்டும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு எழுத வரவில்லை. நடக்கும்வரை அண்ணியை என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்றுதானே கேட்டேன்? அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவர் அவர். அவரைக் கேட்டதற்கா அந்தச் சொல்?

நல்லது. மனநல மருத்துவரை விசாரித்து எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். யாரிடம் கேட்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? இங்கே கட்டிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கழிவுநீர்க் குழாய் போடுவதை மேற்பார்வையிடுகிறவள் நான். நாள் முழுக்கக் குழாய் பேசுவதைக் கேட்பதுதான் என் பிழைப்பு. தரைக்கடியில் யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் எனக்கு மருத்துவர் நினைவு வராது.

இவற்றுக்கு உடனே பதில் வேண்டும். அந்தச் சத்தம் எப்போது வருகிறது? அதற்குச் சற்று முன் வீட்டில் யார் என்ன செய்தார்கள்? அறையில் வாடை உண்டா? சன்னல் திறந்திருக்கிறதா? தொலைபேசியில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. போன் இருக்கும் எதிர்க்கடைவரை நடந்து போய்ப் பேச அண்ணியால் முடியாது. அதனால்தான் தபாலை நம்பியிருக்கிறேன். அண்ணி சொல்வதை உங்கள் நடையில் திருத்தாமல், அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. எதைப் பற்றிய பயம் என்று இப்போது எழுதமாட்டேன். தப்பாகவும் இருக்கலாம்.

தங்கை

ஜூலை 10

தங்கைக்கு,

அச்சம் எவ்வெவற்றால் பிறக்கும் என்று நம் முன்னோர் வகுத்துவைத்திருக்கிறார்கள். அவ்வரிசையில் குழாய் இல்லை. ஆயினும் கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். அவள் சொன்னது இது:

"அவர் அந்தப் பக்கம் பாத்ரூம் போயிட்டு ஃப்ளஷ் இழுப்பார். உடனே இங்க கீழ களுக் களுக்னு, தாகம் எடுத்தவன் குடிக்கற மாதிரி. அப்புறம் ஒரு பெருமூச்சு. நான் குளிச்ச அன்னிக்கு ரொம்பச் சத்தம். குளிக்காத அன்னிக்கு வெறும் மூச்சுதான். முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிச்சுது. இப்ப அதுவும் இல்ல. தலைதான் பாறாங்கல்லா இருக்கு. நான் பொய் சொல்லலன்னு அவகிட்ட எழுதுங்க."

எழுதிவிட்டேன். மழை பிடித்துக்கொண்டதால் சன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறேன். ஈரக்காற்று அவளுக்கு ஆகாது. அறைக்குள் நுழையும்போது ஏதோ ஒரு வாடை எனக்கும் தட்டியது. நறும்புகை போடுகிறேன். சற்று நேரம் இருந்தால் தெரிவதில்லை.

வாடை என்றதும் நினைவு வருகிறது. ஓதும் அறையை இழந்த பிறகு, விடியற்காலையில் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் அமர்ந்து ஓதுகிறேன். அங்கே பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் குழாய் ஒன்று, நான் ஓதும் அருள்மொழியின் மேல் அழுக்குக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. பழைய துண்டு ஒன்றை மடித்து அதன் வாயில் திணித்து, மேலே கம்பி சுற்றி இறுக்கிவிட்டேன். இறைவன் பெயரைச் சொல்லும் இடம் தூயதாக இருக்கவேண்டாமா? இவ்வீட்டில் எனக்கு அமைதி தரும் இடம் இப்போது அது ஒன்றே.

இன்று காலை அவளை எழுப்ப நெடுநேரம் ஆயிற்று. விழித்ததும் என்னை "வாத்தியாரே" என்று அழைத்தாள். மணமான நாள்தொட்டு என்னை அவள் அப்படி அழைத்ததில்லை. தெருவில் எவரோ பிறர் அழைப்பதுபோல் இருந்தது. நான் அவள் கணவன் என்று சொன்னேன். "அப்படியா" என்றாள்.

திங்கட்கிழமை விடுதியிலிருந்து வண்டி வரும். கையெழுத்திட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அண்ணன்

ஜூலை 13

அண்ணா,

இந்தக் கடிதம் வருமுன் எதிர்க்கடைக்காரர் உங்களிடம் ஓடிவந்திருப்பார். உங்கள் கடிதத்தைப் பாதி படிக்கும்போதே அவர் கடைக்குப் போன் செய்துவிட்டேன். அவர் சொன்னபடி செய்தீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். செய்யாமலிருந்தால் இதைக் கீழே போட்டுவிட்டு முதலில் சன்னல்களைத் திறந்து அண்ணியை வெளியே தூக்குங்கள். நெருப்புக்குச்சி உரசாதீர்கள். நறும்புகையை அணையுங்கள். வண்டி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அண்ணிக்குப் பைத்தியம் இல்லை. அவர் கேட்டது உண்மை.

ஷவர்க் குழாய் தரைக்கடியில் ஒரு வளைவு வளைந்து போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. கழிவுத்தொட்டியில் ஊறும் விஷக்காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அது ஒன்றுதான். நீங்கள் ஃப்ளஷ் இழுத்தால் தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு ஓடும். ஓடும்போது பின்னாலிருந்து காற்றை இழுக்கும். அந்தக் காற்று மாடியிலிருந்து வரவேண்டும். அதற்காகத்தான் காற்றுக்குழாய். நீங்கள் துண்டு திணித்துக் கட்டியது அதன் வாயை.

மேலே அடைத்ததும் குழாய், பக்கத்திலிருந்த ஷவர் வழியாக இழுத்தது. வளைவில் நின்ற தண்ணீரைக் குடித்தது. அண்ணி கேட்டது அதைத்தான். குளிக்காத நாளில் குடிக்கத் தண்ணீர் இல்லை. வெறும் மூச்சு வந்தது. தொட்டியின் காற்று மாடிக்குப் போக வழியில்லாமல் அந்த மூச்சோடு மூடிய அறைக்குள் வந்து நின்றது. நாற்றம் போய்விட்டது என்றாரே, போகவில்லை. அந்தக் காற்று முதலில் மூக்கைக் கொல்லும். அதன் மேல் நீங்கள் தூக்கமாத்திரை கொடுத்திருக்கிறீர்கள்.

"அவசரத்தை" ஏசாதீர்கள். அவர் சரியாகத்தான் கோத்திருக்கிறார்.

கடைக்காரர் திரும்பப் போன் செய்வதாகச் சொன்னார். செய்யவில்லை. நான் மூன்று முறை கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. கடை திறந்திருக்கவேண்டிய நேரத்தில் ஒருவர் எங்கே போயிருப்பார்? புறப்பட்டு வந்துவிடுவேன். படி ஏறலாமா என்று மட்டும் ஒரு சொல் எழுதுங்கள். இல்லை, எழுதாவிட்டாலும் தெருவிலாவது நிற்பேன்.

தங்கை

ஜூலை 14

தங்கைக்கு,

உயிர் இருக்கிறது. அதை முதல் வரியில் எழுதிவிட்டேன். நீ எப்படிப் படிப்பாய் என்பது எனக்குத் தெரியும்.

கடைக்காரர் கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. அவர் பின்வழியாக உள்ளே புகுந்து, என் தோளைப் பிடித்து உலுக்கிக் காதுக்குள் கத்தினார். "வாத்தியாரே, உங்க தங்கச்சி போன்ல அழறாங்க! ஜன்னலைத் தொறங்க! அக்காவைத் தூக்குங்க!" என்ன, ஏது என்று நான் முறையாகக் கேட்கத் தொடங்கினேன். "விளக்கமெல்லாம் அப்புறம் சொல்றேன், கால் பக்கம் பிடிங்கய்யா!" என்று ஏசினார். வாழ்நாளில் எவரும் என்னை அப்படி ஏசியதில்லை. பிடித்தேன்.

உன் அண்ணியின் உதடுகள் நீலம் பூத்திருந்தன. கட்டிலோடு பெயர்த்து வாசலுக்குக் கொண்டுபோனோம். மழை அவள் முகத்தில் விழுந்தது. துடைக்கப் போன என் கையை அவர் தட்டிவிட்டார். அழைத்தேன், அசைவில்லை. எத்தனையோ பேர் இல்லத்தில் இறுதிநேரத்து வேண்டுதலை ஓதியிருக்கிறேன். அப்போது ஒரு சொல்லும் நாவில் வரவில்லை. அவள் பெயர்தான் வந்தது.

பிறகு இருமினாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுக்கிறார்கள். கடைக்காரர் கூடவே இருந்தார்; உனக்கு அவர் போன் செய்யாததன் காரணம் அதுதான். நான் வீடு திரும்பி மாடிக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும் வழியில் அவர் என் காதில் கத்திச் சொல்லியிருந்தார், மாடிக் குழாயை நீ திறக்கச் சொன்னதாக. கம்பி துருப்பிடித்திருந்தது, கையைக் கிழித்தது. துண்டை இழுத்ததும் உள்ளிருந்து காற்று முகத்தில் அறைந்தது. அவ்வளவு நாள் அது எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அப்போது எனக்கு விளங்கிற்று.

இன்று அவள் தெளிவாகப் பேசினாள். விடுதி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். அவள் கேட்டது அதையன்று. "நான் சொன்னப்ப ஒரு தடவையாவது நிஜமா இருக்குமோன்னு தோணலையா உங்களுக்கு?" என்றாள். விடை சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம். அழகா ஏதாவது சொல்லிடுவீங்க" என்றாள். "நானே என்னைப் பைத்தியம்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன். அதுதான் பயமா இருந்துது. அந்தச் சத்தம்கூட இல்ல. என்னை அவகூட அனுப்பிடுங்க."

படி ஏறி வா. வந்து அழைத்துப்போ.

அண்ணன்

ஆகஸ்டு 2

அண்ணா,

அண்ணி நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆகையால் உள்ளபடி எழுதுகிறேன். தலைவலி போய்விட்டது. என் கையைப் பிடிக்காமல் பால்கனிவரை நடக்கிறார். நேற்று என் சமையலைக் குறைசொன்னார். அது நல்ல அறிகுறி.

ஆனால் மேல்வீட்டில் யாராவது ஃப்ளஷ் இழுத்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். குளிக்கப் போகுமுன் தரைச் சல்லடை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

அங்கே வந்த அன்று "அவசரமும்" நானும் அளந்து பார்த்தோம். இணைப்பு காற்றுக்குழாய்க்கு அருகிலேயே இருக்கிறது, தண்ணீர் ஓடும் வாட்டமும் சரி. மாற்ற ஒன்றுமில்லை. திணித்த துண்டு மறுபடி திணிக்கப்படாமல் இருந்தால் போதும். இதை அண்ணியிடம் சொன்னேன். "சரி" என்றார். நம்பினார் என்று தோன்றவில்லை.

உங்களைப் பற்றி அண்ணி இன்னும் கேட்கவில்லை. மறைப்பது சரியில்லை என்று எழுதுகிறேன். குத்திக்காட்ட அல்ல. கொஞ்சம் குத்தத்தான், அண்ணா.

தங்கை

ஆகஸ்டு 6

தங்கைக்கு,

என் கட்டிலை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் படுத்த இடத்திலேயே படுக்கிறேன். கண்ணை மூடியதும் மார்பு அடைப்பதுபோல் இருக்கிறது. எழுந்து சன்னலைத் தொட்டுப் பார்க்கிறேன், திறந்துதான் இருக்கிறது. மீண்டும் படுக்கிறேன். நாற்றம் இல்லை. நாற்றம் இல்லாமையே இப்போது எனக்கு அச்சம் தருகிறது. இல்லையா, அன்றி என் மூக்கு இறந்ததா? கேட்டுத் தெளிய உடன் ஒருவரும் இல்லை. இப்படித்தானே அவள் இங்கே கிடந்திருப்பாள், என்னை உடன் வைத்துக்கொண்டே.

செவி உதவாததால் கண்ணால் கேட்கக் கற்றேன். சல்லடையைக் கழற்றி, டார்ச்சு அடித்து, வளைவில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தபடி தரையில் குப்புறப் படுத்தேன். "அவசரம்" சுவருக்கு அப்பால் சென்று ஃப்ளஷ் இழுத்தார். தண்ணீர் நடுங்கிற்று, தாழவில்லை. மறுபடி இழுக்கச் சொன்னேன். பக்கெட் பக்கெட்டாக ஊற்றிப் பின் இழுக்கச் சொன்னேன். "ஐயா, ஃப்ளஷ் தொட்டி நிரம்பவாவது நேரம் குடுங்க. என்னையே அவசரப்படுத்தற முதல் ஆள் நீங்கதான்" என்றார். தண்ணீர் நின்றது. ஒவ்வொரு முறையும் நின்றது.

விடியற்காலையில் மாடியில்தான் ஓதுகிறேன். குழாயின் மூச்சு முகத்தில் படும் இடத்திலேயே உட்காருகிறேன். நாறுகிறது. நாறும்வரை அது வீட்டுக்குள் இல்லை என்று பொருள். வேண்டுதலுக்கு நடுவே அதை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன், இறைவன் பொறுப்பான்.

தண்ணீர் நிற்கிறது என்பதை அவளிடம் சொல். வரச் சொல்லவில்லை. சொல் மட்டும்.

அண்ணன்

ஆகஸ்டு 10

அண்ணா,

படித்துக் காட்டினேன். நீங்கள் தரையில் குப்புறப் படுத்த இடத்தில் சிரித்தார். "அந்த முட்டியை வெச்சுக்கிட்டு எப்படி எழுந்தாராம்?" என்றார். அந்தக் கட்டிலில் படுக்கிறீர்கள் என்ற இடத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். கடைசியில் சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதுகிறேன்:

"தண்ணி நிக்குது, சரி. குழாய் சரியாயிடுச்சு, சரி. குழாயைப் பத்தி எனக்குப் பயமில்ல. நான் அங்க வந்து, என்னிக்காவது ஒரு நாள், எனக்கு மறுபடி ஏதோ கேக்குதுன்னு சொன்னா அவர் என்ன பண்ணுவார்? அதை மட்டும் எழுதச் சொல்லு. அழகா எழுத வேண்டாம்."

தங்கை

ஆகஸ்டு 13

தங்கைக்கு,

இதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டு. பலமுறை எழுதிக் கிழித்தேன். அழகாக வந்தவற்றையெல்லாம் கிழித்துவிட்டேன்.

அவள் நம்பாமல் போகலாம் என்ற அச்சத்தோடுதான் எழுதுகிறேன். அது நீங்காது, நீங்கவேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

தரையை உடைப்பேன். தரைக்கடியில் ஒன்றும் இல்லையென்றால் சுவரை உடைப்பேன். அங்கும் இல்லையென்றால் மருத்துவரை அழைக்கமாட்டேன், அவளே அழைக்கச் சொல்லும்வரை. அவள் பக்கத்தில், அந்த அறையில், உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கேட்காது. ஆயினும் உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன்